கோப்பையும் குவளையும்

எஃப்.ஏ. கோப்பை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வெம்பிளி அரங்கமும் கோடிகளில் விலைபோகும் வீரர்களும்தான். ஆனால் அந்தக் கோப்பை தொடங்குவது வெம்பிளியில் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மாதமே, சிறு நகரங்களின் ஓரத்தில் இருக்கும் மைதானங்களில் அது தொடங்கிவிடுகிறது. 700க்கும் மேற்பட்ட அணிகள் பங்கேற்கின்றன. அவற்றில் பிரீமியர் லீக்கையும் அதற்கு அடுத்த மூன்று பிரிவுகளையும் சேர்ந்தவை 92 மட்டுமே. மீதி எல்லாம் ‘நான்-லீக்’ அணிகள். வாரம் முழுக்க வேலைக்குப் போய், மாலையில் பயிற்சி எடுத்து, சனிக்கிழமை விளையாடுகிறவர்கள் இந்த அணிகளில் ஏராளம். எலக்ட்ரீசியன், தபால்காரர், சாரம் கட்டுகிறவர், பள்ளி ஆசிரியர் என்று எல்லோரும் இருப்பார்கள். ஜெயித்துக்கொண்டே போனால் இவர்களும் பெரிய அணிகளோடு மோதலாம். 2021 ஜனவரியில் எட்டாம் நிலை அணியான மரைன், வீட்டு மதில்கள் ஒட்டி நிற்கும் தன் சிறிய மைதானத்துக்கே டாட்டன்ஹாமை வரவழைத்தது. 0-5 என்று தோற்றது. ஆனால் ஒரே புல்லில், ஒரே விதிக்குக் கீழே நின்று தோற்றது.

கதவு திறந்திருக்கும் போட்டி என்று இங்கிலாந்துக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கதவு தானாகத் திறந்துகொள்ளவில்லை. தள்ளித் தள்ளித்தான் திறந்தது. இன்னமும் திறக்காத கதவு ஒன்று இருக்கிறது. அதன் மேல் எழுதியிருக்கும் சொல்லை இந்த நாட்டு நடுவர்களுக்குப் படிக்கத் தெரியாது. அதை எழுதிவைத்தவர்கள் நம்மவர்கள்.

கடந்த செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, கிழக்கு லண்டனில் அந்தக் கோப்பையின் தகுதிச் சுற்று ஆட்டம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். கூட வந்தவர் யாழ்ப்பாணத்து நண்பர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அண்ணா என்பேன், அவர் தம்பி என்பார். சிறு வயதில் ஊரில் உதைபந்தாட்டம் ஆடியவர். லண்டனுக்கு வந்து முப்பது வருடமாகியும் பெரிய மைதானம் எதற்கும் போனதில்லை, டிக்கெட் விலை அப்படி. இங்கே பத்துப் பவுண்டு கொடுத்து உள்ளே போய்விட்டோம்.

இருநூறு பேர் இருந்திருப்பார்கள். ஒரு பக்கம் தகரக் கூரை, மறுபக்கம் வெறும் கம்பித் தடுப்பு. பந்து வேலிக்கு மேலே போனால் யாராவது ஓடிப்போய் எடுத்து வர வேண்டும். இரண்டு அணிகளின் ஆதரவாளர்களையும் பிரித்து வைக்கவில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று மேளம் தட்டியவர்கள், இடைவேளையில் மொத்தமாக நடந்து மறு முனைக் கம்பத்துக்குப் போனார்கள். தம் அணி எந்தப் பக்கம் கோல் அடிக்கிறதோ அந்தப் பக்கம் நிற்பது இங்கே வழக்கம். எதிர் அணியின் ஆட்கள் எதிரே வர, ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டே கடந்தார்கள். வெள்ளையர், கறுப்பர், வங்காளத்து முதியவர் ஒருவர், துருக்கிக் குடும்பம் ஒன்று, நாங்கள் இருவர். ஜெயிக்கிற அணிக்குச் சில ஆயிரம் பவுண்டு பரிசுப்பணம். அந்தப் பணத்தில்தான் இப்படிப்பட்ட அணிகள் கூரையைச் சரிசெய்யும், பேருந்து வாடகை கொடுக்கும். அதனால் ஆட்டம் சூடாகவே நடந்தது. உள்ளூர் அணி முதலில் கோல் போட்டது, கடைசியில் 1-2 என்று தோற்றது.

இடைவேளையில் தேநீர்க் கொட்டகை முன்னால் வரிசையில் நின்றோம். தொண்டூழியர் ஒருவர் வரிசையில் வந்த அத்தனை பேருக்கும் ஒரே காகிதக் குவளையில் ஊற்றித் தந்துகொண்டிருந்தார். அண்ணா குவளையை வாங்கிக்கொண்டு சிரித்தார். “தம்பி, எல்லாருக்கும் ஒரே கப்தான் குடுக்கிறான், பாத்தீரே? எங்கட ஐயாவுக்குச் சந்தியில இருந்த தேத்தண்ணிக் கடையில போத்திலிலதான் குடுக்கிறவை. அதுவும் வெளியில நிண்டுதான் குடிக்கோணும்.”

நம் கிராமத்து இரட்டைக் குவளைக்கும் யாழ்ப்பாணத்துப் போத்தலுக்கும் இடையில் கடல் மட்டும்தான் இருக்கிறது. 1957இலேயே இலங்கையில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. வந்தும் கடைகள் திறக்கவில்லை. 1960களின் பிற்பகுதியில், தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் தோழர்கள் தேநீர்க் கடைகளுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் நுழைந்து, அடிபட்டு, உயிர் கொடுத்துத்தான் அவை திறந்தன.

பிறகு அண்ணா சிரிக்காமல் சொன்னது இது. போன வருடக் கோடையில், லண்டனில் நடந்த ஒரு தமிழர் உதைபந்தாட்டப் போட்டிக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். மகனுக்குப் பதினேழு வயது, பிறந்தது இங்கேதான். ஆட்டத்தின் நடுவில் பந்துக்கு மோதியபோது, எதிர் அணிப் பையன் அவனை ஒரு சொல் சொல்லித் திட்டியிருக்கிறான். சுற்றி நின்ற பெரியவர்கள் சிலர் சிரித்திருக்கிறார்கள். மகனுக்கு அந்தச் சொல் தெரியாது. வீட்டுக்குத் திரும்பும்போது காரில் வைத்து ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறான், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று.

“நான் சொல்லேல்ல தம்பி. தெரியாது எண்டு சொல்லிப்போட்டன். சொன்னா அது அவனிலும் ஒட்டிப்போடும். ஆனா அந்தப் பெடியனும் இஞ்சதான் பிறந்தவன். அவனுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?”

அந்தச் சொல்லை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு சாதியின் பெயர் அது, அதையே வசவாக்கி வைத்திருக்கிறார்கள். அண்ணா மறுநாள் ஏற்பாட்டாளர்களைக் கூப்பிட்டுக் கேட்டபோது வந்த பதில்: சின்னப் பெடியள், விளையாட்டில சொன்னது, எங்கட ஆக்களுக்குள்ள இதைப் பெரிசாக்க வேண்டாம். ஆட்டத்தின் நடுவர் தமிழர் இல்லை. அவர் காதில் அது விழுந்திருந்தாலும் அவருக்கு அது ஒரு சத்தம்தான்.

நாங்கள் நின்ற இடத்துக்குப் பின்னால், கம்பித் தடுப்பில் ஒரு பலகை கட்டியிருந்தார்கள். பாகுபாடு எதையாவது கண்டால், கேட்டால், ஊழியரிடம் சொல்லுங்கள் என்று இருந்தது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் விதிப்புத்தகத்தில் இதற்கென்றே ஒரு பட்டியல் உண்டு. இனம், நிறம், இனவழி, தேசியம், மதம் அல்லது நம்பிக்கை, பாலினம், பாலின மாற்றம், பாலின ஈர்ப்பு, மாற்றுத்திறன். இவற்றைச் சொல்லி இழிவுபடுத்தினால் சாதாரண வசவைவிடக் கடுமையான குற்றம், பல ஆட்டங்களுக்குத் தடை. அந்தப் பட்டியலில் சாதி என்ற சொல் இல்லை.

இந்தப் பட்டியல் வந்த வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

எஃப்.ஏ. கோப்பை 1871இல் தொடங்கியபோது அது கனவான்களின் விளையாட்டு. முதல் பத்தாண்டுகளில் கோப்பையை வென்றவர்கள் பணக்காரப் பள்ளிகளின் பழைய மாணவர்கள், ராணுவ அதிகாரிகள், ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள். 1883இல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற அணி, இறுதி ஆட்டத்தில் ஓல்ட் ஈட்டோனியன்ஸ் அணியை 2-1 என்று வென்றது. ஒரு பக்கம் பஞ்சாலை நகரத்து நெசவாளர்கள், நூற்பாலைத் தொழிலாளி, இரும்புப் பட்டறைக்காரர். மறு பக்கம் ஈட்டன் பள்ளியில் படித்த மேட்டுக்குடியினர். அதற்குப் பிறகு அந்தப் பழைய மாணவர் அணிகள் எதுவும் அந்தக் கோப்பையைத் தொடவே இல்லை.

மேட்டுக்குடி என்ன செய்தது? கூலி வாங்கி விளையாடுவது விளையாட்டையே கெடுத்துவிடும் என்றது. ஒரு நாள் ஆலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும் மனிதனிடம், காசு வாங்காமல் ஆடு என்றது. 1885இல் தொழில்முறை ஆட்டத்தை ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. ஒத்துக்கொண்ட பிறகும் ‘அமெச்சூர்’, ‘தொழில்முறை’ என்ற கோட்டை 1974 வரை அழிக்கவில்லை. படகுப் போட்டிகளில் இன்னும் வெளிப்படை. ஹென்லி படகுப் போட்டியில், கூலிக்கு உடல் உழைப்பு செய்கிறவர், கைவினைத் தொழில் செய்கிறவர் கலந்துகொள்ளக் கூடாது என்று 1879இல் விதியாகவே எழுதினார்கள். 1936இல் ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் படகு அணியைக்கூடத் திருப்பி அனுப்பினார்கள், அவர்கள் போலீஸ்காரர்கள் என்பதற்காக. அடுத்த ஆண்டுதான் அந்த விதி போனது.

இது சாதி இல்லை. நெசவாளியின் மகன் படித்து வக்கீலானால் அவனைத் தடுக்க அந்த விதியால் முடியாது. நம் ஊரில் மகன் வக்கீலானாலும் நீதிபதியானாலும் சாதி விடாது. ஆனால் கையால் உழைக்கிறவன் தொட்டால் விளையாட்டு அசுத்தமாகும் என்ற பார்வை நமக்கு அந்நியமானதா?

பெண்களை வெளியேற்றியதும் இப்படித்தான். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் டிக் கெர் லேடீஸ் அணியின் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த டிசம்பரில் கால்பந்துச் சங்கம் கூடி, தன் உறுப்பு மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தீர்மானம் போட்டது. ஐம்பது ஆண்டு அந்தத் தடை நின்றது. ஒரு கமிட்டி மூடிய கதவு அது.

நிறவெறியின் கதையும் இந்தச் சின்ன மைதானங்களுக்குள்ளேயே இருக்கிறது. கிழக்கு லண்டனின் கிளாப்டன் அணிக்காக ஆடி 1909இல் அமெச்சூர் கோப்பை வென்றவர் வால்டர் டல். அவருடைய தாத்தா பார்படோஸில் அடிமையாக இருந்தவர். டல் வளர்ந்தது அநாதை விடுதியில். அதே ஆண்டு டாட்டன்ஹாமுக்காகப் பிரிஸ்டலில் ஆடியபோது கூட்டத்தில் ஒரு பகுதி அவரை நிறத்தைச் சொல்லி வசைபாடியது. 1918இல் போர்க்களத்தில் இந்த நாட்டுக்காகவே இறந்துபோனார். மைதானத்தில் இனவெறிக் கோஷம் போடுவது குற்றம் என்று சட்டம் வர 1991 ஆக வேண்டியிருந்தது. அதுவும் முதலில் பலர் சேர்ந்து கத்தினால்தான் குற்றம். தனி ஒருவர் கத்தினாலும் குற்றம் என்று 1999இல்தான் திருத்தினார்கள்.

சட்டம் வந்ததும் வசை நின்றுவிடவில்லை. 2019 அக்டோபர் 19 அன்று, இதே எஃப்.ஏ. கோப்பையின் கடைசித் தகுதிச் சுற்றில், வட லண்டனின் ஹேரிங்கே பரோ அணி தன் மைதானத்தில் யோவில் டவுனோடு ஆடியது. அடுத்த சுற்றுக்குப் போனால் பெரிய அணிகளின் பட்டியலில் பெயர் வரும், பணம் வரும். இரண்டாம் பாதியில் ஹேரிங்கேயின் கறுப்பின கோல்கீப்பர் மேல் எச்சில் துப்பினார்கள், பொருள்களை வீசினார்கள். வீரர்களை நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள். ஹேரிங்கே அணி மைதானத்தை விட்டு வெளியேறியது. வெளியேறினால் ஆட்டத்தையே இழக்க நேரலாம் என்று தெரிந்தும் வெளியேறியது. 1-0 என்று முன்னிலையில் இருந்த யோவில் வீரர்களும் அவர்களோடு வெளியே வந்தார்கள். சங்கம் ஆட்டத்தை மறுபடி நடத்தச் சொன்னது. மறு ஆட்டத்தில் ஹேரிங்கே 0-3 என்று தோற்றது.

இந்தத் தோல்வியை நான் பெரிய வெற்றியாகப் பார்க்கிறேன். அவமானப்பட்டவனை ‘விடு, ஆட்டம் முடியட்டும்’ என்று அவனுடைய அணி சொல்லவில்லை. முன்னிலையில் இருந்த எதிர் அணி ‘எங்களுக்கென்ன’ என்று நிற்கவில்லை. இதை அண்ணாவின் மகன் ஆடிய ஆட்டத்தோடு வைத்துப் பாருங்கள். அங்கே ஆட்டம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. இத்தனைக்கும் அந்த மைதானத்தில் நின்றவர்களில் பலர், இந்த நாட்டில் தாங்களே நிறத்துக்காக வசை கேட்டவர்கள்.

விளையாட்டில் சாதியை இழுக்காதீர்கள் என்பார்கள். இழுத்தது யார்? பல்வங்கர் பாலு இந்தியக் கிரிக்கெட்டின் முதல் பெரும் சுழற்பந்து வீச்சாளர்களில் ஒருவர். பூனாவில் அவர் போட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் அரங்குக்கு வெளியே மண் குவளையில் தந்தார்கள். 2021 ஆகஸ்டில் ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி தோற்றபோது, ஹரித்வார் அருகே வந்தனா கட்டாரியாவின் வீட்டுக்கு முன்னால் பட்டாசு வெடித்துச் சாதி சொல்லித் திட்டினார்கள், தலித்துகளை அணியில் சேர்த்ததால்தான் தோற்றோம் என்று. நம் ஊர்களில் குறிப்பிட்ட சமுதாய அணிகள் மட்டும் என்று போஸ்டர் அடித்துக் கிரிக்கெட்டும் கபடியும் நடத்துகிறவர்களிடம் யாரும் இந்த அறிவுரையைச் சொல்வதில்லை. அடிபட்டவன் வாய் திறந்தால் மட்டும்தான் விளையாட்டின் புனிதம் ஞாபகத்துக்கு வருகிறது.

இந்தியாவில், பொதுமக்கள் முன்னிலையில் ஒரு தலித்தைச் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வழக்குப் பதிய ஸ்டேஷன் வாசலில் எத்தனை நாள் நிற்க வேண்டும் என்பது வேறு கதை. குறைந்தபட்சம், சட்டத்தில் அந்தக் குற்றத்துக்குப் பெயர் இருக்கிறது. பிரிட்டனில் அதுகூட இல்லை. 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம், சாதியை இனத்தின் ஓர் அம்சமாகச் சேர்க்கலாம் என்று அரசுக்கு அதிகாரம் தந்தது. 2013இல் நாடாளுமன்றம் அதைச் ‘சேர்த்தே ஆக வேண்டும்’ என்று மாற்றியது. தலித் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்ற திருத்தம் அது. இந்து அமைப்புகள் பல எதிர்த்தன. 2017இல் கருத்துக் கேட்பு நடத்தினார்கள். 2018 ஜூலையில், நீதிமன்றத் தீர்ப்புகளே போதும், சட்டத்தில் சேர்க்க மாட்டோம் என்று அரசு அறிவித்தது.

எந்தத் தீர்ப்பு? பீகாரிலிருந்து வீட்டு வேலைக்கு அழைத்து வரப்பட்ட ஆதிவாசிப் பெண் ஒருவர் தொடுத்த வழக்கு. சாதியின் சில கூறுகள் ‘இனவழி’ என்பதற்குள் அடங்கலாம் என்று 2014இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. அடுத்த ஆண்டு, தராமல் விட்ட கூலிக்காக மட்டும் 1,80,000 பவுண்டுக்கும் மேல் அவருக்குக் கொடுக்கும்படி உத்தரவானது. அந்தப் பெண்ணின் துணிவுக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் ‘அடங்கலாம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, மைதானத்தில் நிற்கும் பதினேழு வயதுப் பையன் வழக்கறிஞர் தேட முடியுமா? விசில் வைத்திருப்பவருக்கு விதியில் ஒரு சொல் வேண்டும். கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல் காதில் விழுந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்துகிறார். அவர் நல்லவர் என்பதால் மட்டுமா? விதி அவரைக் கேட்கும் என்பதாலும்தான்.

இந்தச் சட்டம் மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லாத ஓர் இடம் இருக்கிறது. புலம்பெயர்ந்த நாடுகளில் கோடைதோறும் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் நடத்தும் போட்டிகள் நம் கையில் இருப்பவை. விதித்தாள் எழுதுவது நாம். நடுவரை அழைப்பது நாம். மூன்று காரியங்கள் செய்யலாம். சாதியைச் சொல்லி, குறிச்சியைச் சொல்லி, தொழிலைச் சொல்லி இழிவுபடுத்துகிறவர் ஆடுகளத்திலிருந்து வெளியேற்றப்படுவார், அவரைக் காப்பாற்றுகிற அணி போட்டியிலிருந்து வெளியேற்றப்படும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதலாம். தமிழ் தெரியாத நடுவருக்கு ஆட்டத்துக்கு முன்பே அந்தச் சொற்கள் எவை என்று சொல்லிக் கொடுக்கலாம். மூன்றாவது முக்கியமானது. ஒருவன் சாதியால் இழிவுபடுத்தப்பட்டால் அவனுடைய அணி மட்டுமல்ல, எதிர் அணியும் சேர்ந்து வெளியேறும் என்று எல்லா அணித் தலைவர்களும் முன்கூட்டியே கையெழுத்துப் போடலாம். ஹேரிங்கேயும் யோவிலும் எழுதி வைக்காமலே செய்ததை நாம் எழுதி வைத்தாவது செய்யலாம்.

நம் அழுக்கை வெள்ளைக்காரன் முன் காட்டுவதா என்று சிலர் கேட்பார்கள். அழுக்கை மறைத்து வைத்து அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அதனால்தான் லண்டனில் பிறந்த ஒரு பையனுக்கு, அவன் ஒருபோதும் பார்த்திராத ஊரின் வசைச் சொல் தெரிந்திருக்கிறது. இன்னொரு பையன் அதன் அர்த்தம் தெரியாமலே அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான்.

விதித்தாளில் ஒரு சொல்லைச் சேர்ப்பதால் அச்சுக்கூலி கூடிவிடாது. சேர்க்க மாட்டோம் என்கிற சங்கங்கள், ஏன் மாட்டோம் என்பதைப் பரிசளிப்பு மேடையில் ஏறிச் சொல்லட்டும். நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம்.